காபியில் மாப்பிள்ளை வாசம்

தன் மேல் அடிக்கிற வாசனை கொஞ்ச நேரத்தில் தன் மூக்குக்கே தெரியாமல் போய்விடும். கூட இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தச் சின்ன உண்மை கல்யாணமான முதல் வருஷமே எனக்குத் தெரிந்திருந்தால், என் மாமனார் வீட்டில் என் மரியாதை இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கும்.

அப்போது எனக்கு சென்ட் பைத்தியம். (சென்ட் என்று நீங்கள் சொன்னால் அன்றைய நான் சண்டைக்கு வந்திருப்பேன்.) ‘நிஷ் பெர்ஃப்யூம்’ என்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் கிடைப்பது சென்ட். யாருக்கும் கிடைக்காதது, கிடைத்தாலும் வாங்க முடியாதது, வாங்கினாலும் பெயரை ஒழுங்காகச் சொல்ல முடியாதது நிஷ். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற சிலர் இதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். ஒருவர் முழு பாட்டில் வாங்கி, சின்னச் சின்ன சீசாக்களில் பிரித்து மற்றவர்களுக்கு விற்பார். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குச் சங்கில் ஊற்றுவதுபோல் அவ்வளவு அளவாக ஊற்றுவார்.

அப்படி வாங்கியதுதான் அந்த வெனிலா. வெனிலா என்றதும் உங்களுக்கு ஐஸ்கிரீம் ஞாபகம் வந்தால் எங்கள் குழுவில் இடமில்லை. இது கருப்பு வெனிலா, கனத்த வெனிலா. சீசாவோடு வந்த அட்டையில் அதன் குணம் வரிசையாக அச்சிட்டிருந்தது. முதலில் ரம்மில் ஊறிய திராட்சை. பிறகு புகையிலை. அதற்குப் பிறகு பழைய தோல் பை. எல்லாம் அடங்கியபின், மறுநாள் வரைக்கும் வெனிலா. ‘இது வாசனை அல்ல. மலை மேல் தனியாக வாழும் ஒரு பணக்காரரின் மௌனம்’ என்று குழுவில் ஒருவர் எழுதினார். நான் அதற்கு இதயம் போட்டேன். (வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டேன்.) ஒரு அழுத்து போதும் என்று இன்னொருவர் எச்சரித்திருந்தார். அது ஆளுமை குறைந்தவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி ஜெனிஃபர் அந்த வருஷம் சேலத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். பரீட்சை முடிந்ததும் சென்னைக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரை சனி ஞாயிறுகளில் நான் ரயிலேறி வருவேன், இரண்டு பேரும் ஏற்காட்டில் அவள் அப்பா வீட்டில் இருப்போம். மாமனார் அருளானந்தம் ஒரு பெரிய எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. இன்றைக்கு யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை மூட்டை பழம் இறங்கியது என்று துரைமார் பெயரில் எழுதி வைக்கிறவர். ஓய்வு பெற்றபின் கரடியூர் போகும் வழியில் தனக்கிருந்த கொஞ்ச நிலத்தில் காபி வைத்திருந்தார். பழம் பறித்து, காய வைத்து, சேலத்து வியாபாரியிடம் போட்டுவிடுவார். அது யார் யார் காபியோடு கலந்து எந்த ஊரில் பொடியாகிறது என்பது அவருக்கே தெரியாது.

அந்த வருஷம்தான் பெங்களூரிலிருந்து ஓர் ஆள் வருவதாக இருந்தது. சின்ன விவசாயிகளின் காபியை ருசி பார்த்து, பிடித்திருந்தால் வாங்கி, பாக்கெட் மேல் விளைவித்தவர் பெயரையே போட்டு விற்கிறவர்கள். “பாக்கெட்டு மேல ‘அருளானந்தம், ஏற்காடு’ன்னு போடுவாங்களாமா மாப்பிள்ள” என்று மாமனார் போனில் இரண்டு தடவை சொன்னார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பெயரில் காபியை எழுதின மனிதர். அந்த ஒரு வரிக்காக அந்த வருஷம் பழுத்த பழத்தை மட்டும் தானே நின்று பறிக்க வைத்து, மழை வந்தால் ராத்திரி எழுந்துபோய்ப் படுதா மூடியிருக்கிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. “அன்னைக்கு நான் உங்க பக்கத்திலேயே இருக்கேன் மாமா” என்று வாக்குக் கொடுத்தேன். (யாரும் கேட்கவில்லை.)

அந்தச் சனிக்கிழமை காலை சேலம் ரயில் நிலையத்தில் இறங்கி, முகம் கழுவி, புதுச் சட்டை போட்டு, சீசாவைத் திறந்தேன். கழுத்து, மணிக்கட்டு, காதுக்குப் பின்னால், சட்டைக்கு உள்ளே, சட்டைக்கு வெளியே. முக்கியமான நாளாயிற்றே என்று தலைக்கும். ஜெனிஃபருக்கு அன்று அரை நாள் பள்ளி, மத்தியான பஸ்ஸில்தான் வருவாள். அவள் கூட இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

அடிவாரம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து நின்றுகொண்டார். முன் சீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டார். கண்டக்டர் என்னிடம் வந்து, “ஏனுங்க, கேக்கைக் காலுக்கடியில வெச்சிருக்கீங்களா? மடியில வெச்சுக்குங்க, வளைவுல நசுங்கிப்போயிரும்” என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். குழுவில் எழுதுவதற்கு நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டேன். ஏற்காடு பஜாரில் இறங்கியதும், மலைக்காற்றில் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்று இன்னொரு முறை அடித்துக்கொண்டேன்.

காபி ருசி பார்க்கிற இடத்தில் வேறு எந்த வாசனையும் இருக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதியாம். மாமனார் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அன்று காலை தாளிக்கவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், தலையில் பூ வைக்கவில்லை. ஊதுபத்தி இல்லை, பவுடர் இல்லை. மாமனார் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் குளித்திருந்தார். நாயைக்கூடத் தோட்டத்தின் கோடியில் கட்டியிருந்தார்கள். இப்படித் துடைத்து வைத்த வீட்டுக்குள் நான் நுழைந்தேன்.

அத்தை வாசலிலேயே ஒரு நிமிஷம் மூச்சை நிறுத்தியதைப் பார்த்தேன். பாசம் என்று நினைத்தேன்.

“வாங்க மாப்பிள்ள. வெந்நீர் காஞ்சிருக்குதுங்க, ஒருக்கா தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துருங்களேன்.”

“ஸ்டேஷன்லயே ஃப்ரெஷ் ஆயிட்டேன் அத்தை.”

“மலைத் தண்ணியில குளிச்சா நொம்ப நல்லாருக்குமுங்க.”

“வேண்டாம் அத்தை.”

“சட்டை கசங்கியிருக்குதுங்க. கழட்டிக் குடுத்தீங்கன்னா அலசிப் போட்டுருவேன்.”

புதுச் சட்டை. ஒரு கசங்கல் இல்லை. என்ன ஒரு உபசாரம் என்று எனக்குக் கண் கலங்கியது. மாமனார் தன் பங்குக்கு, “தோட்டத்தை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வாங்க மாப்பிள்ள, மெதுவா வாங்க, அவசரமில்லீங்க” என்றார். “இந்த நாள்ல உங்களை விட்டுட்டு எங்க மாமா போவேன்?” என்று அவர் தோளில் கை போட்டேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தார். கல்யாணமாகி வருஷம் திரும்பாத மாப்பிள்ளையிடம் ‘நீங்க நாறுறீங்க’ என்று சொல்லும் தைரியம் அந்த மலையில் யாருக்கும் இல்லை.

வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்ததால் கதவு ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பஜாரில் கொடுத்து வறுத்து வாங்கிய மாமனாரின் காபிக்கொட்டை தட்டுகளில் பரப்பி வைத்திருந்தது. அந்த அறையில் நான் ஒரு மணி நேரம் ஊறினேன். பிறகு பெங்களூர்க்காரர் வந்தார். வருண் என்று பெயர். தாடி, கட்டைவிரலுக்கு மட்டும் மோதிரம், சொந்த ஸ்பூனைத் தோல் உறையில் கொண்டுவந்திருந்தார். உள்ளே காலெடுத்து வைத்தவர் கண்ணை மூடி நின்றுவிட்டார்.

“சார், இந்த ரூமே பேசுது” என்றார்.

மாமனார் கும்பிட்டார்.

வருண் கொட்டையை அரைத்து வரிசையாகக் கிண்ணங்களில் போட்டு முகர்ந்தார். “திராட்சை” என்றார். “காய்ஞ்ச திராட்சை. ரம்மில் ஊறினது.”

எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

கொதிநீர் ஊற்றினார். மேலே ஆடையாக மிதந்த பொடியை ஸ்பூனால் விலக்கி, மூக்கைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டார். “புகையிலை. பீடி இல்லை சார், உயர்ந்த ரகப் புகையிலை.” அடுத்தது பழைய தோல் பை என்று என் மனம் சொன்னது. அவர் ஒரு ஸ்பூன் எடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாயில் உருட்டி, ஒரு டம்ளரில் துப்பினார். (நான் அப்படிக் காபி குடித்தால் எங்கள் அம்மா பந்தியிலிருந்து எழுப்பியிருப்பார்.) “லெதர்” என்றார். “ஒரு பழைய லெதர் பேக்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. நம் ஊர் வெயிலுக்கு அந்தப் புகையிலை வெளியே வராது என்று குழுவில் ஒருவர் சாதித்திருந்தார். இதோ, நிபுணர் வாயாலேயே வந்துவிட்டது! அதற்கப்புறம்தான் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவர் காபியை யாரும் இன்னும் ருசி பார்க்கவே இல்லை. ருசி பார்த்ததெல்லாம் என்னை.

மெதுவாக எழுந்து கதவைத் திறந்து வெளியே போனேன். உள்ளேயிருந்து வருணின் குரல் வந்தது: “என்ன சார் இது, சட்டுனு டல் ஆயிடுச்சு?”

“மாப்பிள்ள, உள்ள வந்து கதவைச் சாத்துங்க! காத்து பூந்து வாசத்தைக் கொண்டுட்டுப் போகுதுங்க!” என்று மாமனார் பதறினார். உள்ளே வந்தேன். காபிக்கு உயிர் வந்துவிட்டது.

கிண்ணங்கள் ஆறத் தொடங்கின. வருண் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். “வெனிலா,” என்றார். “ஐஸ்கிரீம் வெனிலா இல்லை. கருப்பு வெனிலா.” செல்போனை எடுத்து வீடியோ பிடித்தபடியே பேச ஆரம்பித்தார். பலா மர நிழலும், ஆரஞ்சு மரங்களும், சில்வர் ஓக் மேல் ஏறிய மிளகுக் கொடியும், மலைப்பனியும் சேர்ந்து பல வருஷமாக இந்த மண்ணுக்கு வெனிலாவைச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன என்றார். மண்ணும் பாவம் மறுத்துப் பேசவில்லை. வீடியோவை உடனே உலகத்துக்கு அனுப்பப் பார்த்தார். நல்லவேளை, அந்தப் பக்கம் போனில் பேசலாமே தவிர இன்டர்நெட் கிடையாது.

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மாமனார் அதற்குள், “எங்க மாப்பிள்ள வந்த நேரமுங்க, எல்லாம் நல்லதா நடக்குது” என்று என் முதுகைத் தட்டினார். மூடிக்கொண்டேன்.

ருசி பார்த்து முடிந்தபிறகுதான் அத்தை அடுப்பு மூட்டினார். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம். என்னை வருணுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். இன்னொரு வாய். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. கோழிக் குழம்புல வெனிலா போடுவீங்களா?”

அத்தை அன்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அங்கே உடைந்தது. “ஏனுங்க, நானு எதுக்குங்க குழம்புல ஐஸ்கிரீம் எசென்ஸ் ஊத்தறேன்? மஞ்சளும் மல்லியும் போட்டு அரைச்ச குழம்புங்க இது! என்னோட குழம்பை ஒருத்தர் இப்படிச் சொன்னதில்லீங்க!”

அவர் அதிர்ந்துபோய் ரசத்தை முகர்ந்தார். ரசத்திலும் இருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்து முகர்ந்தார். அதிலும் இருந்தது. அப்போது சரியாக வாசலில் செருப்புச் சத்தம். ஜெனிஃபர், தோளில் பையோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, ரோட்டு வரைக்கும் அடிக்குது! அந்தச் சீசாவைத் தலையில கவுத்துக்கிட்டீங்களா?” என்றாள் என்னிடம். பிறகு தட்டுகளையும் கிண்ணங்களையும் பெங்களூர்த் தாடியையும் பார்த்தாள். முகம் மாறியது. “அப்பா, இன்னைக்குத்தான காபி பாக்க வர்றாங்கன்னு சொன்னீங்க? இவரை எதுக்கு ஊட்டுக்குள்ள விட்டீங்க?”

“மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சாமி சொல்றது?” என்றார் அத்தை. அழுகிற குரல்.

வருண் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார். குனிந்தார். கிண்ணத்தை முகர்ந்த அதே பக்தியோடு என் கழுத்தை முகர்ந்தார். “திராட்சை,” என்றார் மெதுவாக. “புகையிலை. லெதர்.” கடைசி வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஒரு ஆண்மகனின் கழுத்தை இன்னொரு ஆண்மகன் மாமனார், மாமியார், மனைவி எதிரில் அவ்வளவு ஆழமாக முகர்ந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சுவரில் இருந்த இயேசு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். “எனக்கும் வாசம் தெரிஞ்சுதுங்க,” என்றார். “நீங்க பெரிய ஆளு, மாப்பிள்ள வேற காபி வேறன்னு பிரிச்சுப் பாத்துச் சொல்றீங்கன்னு நெனச்சுப்போட்டேன்.”

இதில் கிண்டல் ஒரு துளி இல்லை. அதனால்தான் வருணுக்குக் காது சிவந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார். “பரவாயில்லை சார். வெனிலான்னா மார்க்கெட்ல நல்லா போகும். குடிக்கிறவங்களும் அட்டையைப் படிச்சுட்டுத்தான் குடிக்கிறாங்க. அப்படியே போட்டுடலாம். உங்க பேர், கீழே வெனிலா. மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரி என்று ஒரு வார்த்தை மாமனார் சொன்னால் போதும். பெயர் பாக்கெட்டில் ஏறிவிடும், நானும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிடலாம்.

மாமனார் எழுந்து நின்றார். “வேண்டாமுங்க. இத்தனை வருஷம் என்னோட காபி ஊர் பேர் இல்லாம போச்சு. இப்பப் பேர் போட்டு, வாசம் மட்டும் மாப்பிள்ளையோடதா? நல்லாருக்குதுன்னா நல்லாருக்குதுன்னு சொல்லுங்க. இல்லைன்னா கொட்டைய எடுத்து வெச்சுக்கறேன். இன்னொருக்கா பாருங்க, அதான் நான் கேக்கறது.” அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அவரை நினைத்து அழுகை வந்தது.

இன்னொரு முறை பார்ப்பதென்றால் முதலில் என்னை அப்புறப்படுத்த வேண்டும். காலையில் மறுத்த வெந்நீர் இப்போது கட்டளையாக வந்தது. ஜெனிஃபர் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். கடலை மாவு போட்டுத் தேய்த்தாள். கடைசியில் பாத்திரம் தேய்க்கிற சாம்பலையும் விடவில்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது அவ்வளவு சுலபத்தில் போகுமா? இப்போது என் மேல் சீயக்காய் போட்ட கேக் வாசம் வந்தது. மாமனாரின் லுங்கியைக் கட்டிவிட்டு என்னைத் தோட்டத்தின் கோடிக்கு, காற்று வீட்டுப் பக்கம் போகாத மூலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே நாய் கட்டியிருந்தது. அது என்னை முகர்ந்துவிட்டு, கயிறு விட்ட தூரத்துக்கு விலகிப் படுத்துக்கொண்டது.

அங்கிருந்து பார்த்தால், குழம்பு வாசமும் போகட்டும் என்று திறந்து வைத்த ஜன்னல்கள் தெரிந்தன. வருண் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு மாமனார் நிற்பது தெரிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்தப் பரீட்சைக்கும் அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. பெயர் மட்டும் ஏறாமல் போனால் இந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெகு நேரம் கழித்து ஜெனிஃபர் கையில் மூடிய தட்டோடு வந்தாள். கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு சொன்னாள்: “ஆரஞ்சுத் தோலாம். கருப்பட்டியாம். அதிசயமெல்லாம் இல்லையாம், நல்ல சுத்தமான காபியாம். இந்த வருஷம் பாதி எடுத்துக்கறாராம். அப்பா பேரு போடறாங்க.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“மாப்பிள்ளைக்குப் பசிக்கும், சோத்தை அங்கயே கொண்டுபோய்க் குடுன்னாரு.”

அழுதுகொண்டே கோழிக் குழம்பு சாப்பிட்டேன். சத்தியமாக அதில் வெனிலா இல்லை. (எனக்குத்தான் தெரியாதே.)

மறு வருஷம் வருண் முழுசாகவே எடுத்துக்கொண்டார். இப்போது பாக்கெட்டில் மாமனார் பெயர் தமிழிலேயே இருக்கிறது. கரடியூர்ப் பக்கம் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாமனார் அந்தப் பாக்கெட்டைத்தான் கொண்டுபோய் வைக்கிறார். ருசி பார்க்கிற ஆள் வருகிற தேதி முடிவானதும் எனக்கு அத்தையிடமிருந்து போன் வந்துவிடும். “மாப்பிள்ள, வர்ற சனிக்கிழமை மட்டும் சென்னையிலயே இருந்துக்குங்க” என்று இப்போது கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறார். அடிவாரத்துக்கு மேலே வரக்கூடாது என்பது எல்லை. என் மகள் இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதல் பாக்கெட் எனக்குத்தான். பஸ்ஸில் கொடுத்தனுப்புவார் மாமனார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பாலித்தீன் கவர் போட்டு, வாயை இறுக்கிக் கட்டியிருக்கும். முதல் வருஷம் மழைக்காகத்தான் இவ்வளவு பத்திரம் என்று நினைத்து, நன்றி சொல்லப் போன் செய்தேன்.

“மழைக்கு இல்லீங்க மாப்பிள்ள,” என்றார் மாமனார். “அது உங்க ஊட்டுக்கில்லீங்களா வருது?”